எங்க ஊரு பிஎச்சி: டாக்டருக்கு 5 ஸ்டார், ஆள் போடுற கணக்குக்கு 2 தான்

ஹோட்டலுக்கும் செல்போன் கடைக்கும் பக்கம் பக்கமா ரிவ்யூ எழுதுறோம், ஆனா மாசா மாசம் போற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு (அதத்தான் பிஎச்சின்னு சொல்றோம்) யாருமே உருப்படியா எழுதுறதில்ல. எங்க ஊரு பிஎச்சிய மேப்புல தேடிப் பாத்தேன், நாலஞ்சு பேரு ஸ்டார் மட்டும் குத்திட்டுப் போயிருக்காங்க, ஒருத்தரு "கூட்டம் ஜாஸ்தி"ன்னு ரெண்டே வார்த்தை. அந்தக் கூட்டம் எந்த நேரத்துல ஜாஸ்தி, ஏன் ஜாஸ்தி, அதுக்கு எத்தன ஆள் வேணும்ங்கறதத்தான் இங்க எழுதறேன். ஊரு பேரு போடல. அங்க வேலை பாக்கறவங்க மேல எனக்குத் துளி கோவமும் இல்ல, பேரு போட்டா மேல இருந்து அவங்களைத்தான் கூப்ட்டு கேப்பாங்க, கோளாறு அவங்ககிட்ட இல்லவே இல்ல.

மொதல்ல நல்லத சொல்லிடறேன். அம்மாவுக்கு சுகரும் பிபியும் இருக்கு, வருஷக்கணக்கா இங்கதான் பாக்கறோம். டாக்டரம்மா தன்மையா பேசறவங்க, காலக் காட்டச் சொல்லி விரல் இடுக்கெல்லாம் பாப்பாங்க, புண்ணு கிண்ணு இருக்கான்னு கேப்பாங்க, வெளில 500 ரூவா பீஸ் வாங்குற எடத்துல கூட இத எங்கம்மாவுக்கு யாரும் பண்ணதில்ல. சுகருக்கு மெட்பார்மின், பிபிக்கு அம்லோடிபின் எல்லாம் கிட்டத்தட்ட எப்பவும் ஸ்டாக் இருக்கும், 1994ல ஆரம்பிச்ச தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமா வாங்கி அனுப்பற ஏற்பாடு எங்க ஊரு வரைக்கும் ஒழுங்கா வேலை செய்யுது. கக்கூஸ் சுத்தம். குடிதண்ணி இருக்கு. பைசா செலவில்ல.

இப்ப கூட்டத்துக்கு வரேன். நான் நூல் மில்லுல டைம் ஆபீஸ்ல ஷிப்ட் போடுற வேலை பாக்கறவன், எந்த மெஷினுக்கு எந்த நேரத்துல எத்தன ஆள்ங்கறதுதான் என் பொழப்பு, அதனால வரிசைல நிக்கறப்ப கண்ணு தானா அதுக்குத்தான் போகும்.

காலைல 9 மணிக்கு முன்னாடி போனா ஆளே இருக்காது. 9 தாண்டி டவுன் பஸ் வந்து நிக்கும், அதுலருந்து ஒரே நேரத்துல ஒரு கும்பல் எறங்கும், பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ்ஸுங்கறதால 2021க்கு அப்பறம் சுத்துப்பட்டு கிராமத்துல இருந்து வர்றவங்க நல்லாவே கூடிட்டாங்க, அது நல்ல விஷயம், முன்னாடியெல்லாம் மாத்திரை தீந்தா அப்படியே விட்டுட்டு இருந்தவங்க அவங்க. ஆனா ஓபி (வெளிநோயாளி) சீட்டு போடுற எடத்துல ஒரே ஆளு. பேரு, வயசு, ஊரு, என்ன தொந்தரவு, பழைய நோட்டு இருக்கான்னு கேட்டு எழுதி, கம்ப்யூட்டர்லயும் ஏத்தணும். 9லருந்து 11 வரைக்கும் உள்ள நொழைய முடியாது, பன்னண்டு மணிக்கு மேல பெஞ்செல்லாம் காலி, மத்தியானம் 2 மணிக்கு ஸ்டாஃப் எல்லாம் ரெஜிஸ்டர் எழுதிட்டு இருப்பாங்க. ஒரு நாளைக்கு எத்தன பேரு வர்றாங்கங்கற கணக்க மட்டும் வெச்சு ஆள் போட்டா இது தெரியவே தெரியாது. நாளோட சராசரிய பாத்தா எல்லாம் சரியா இருக்கற மாதிரிதான் இருக்கும், பத்து மணிக்கு வந்து நிக்கற பாட்டிக்கு அந்தச் சராசரியால என்ன பிரயோஜனம் சொல்லுங்க.

கிழமையும் அப்படித்தான். ஞாயித்துக்கிழமை தள்ளிப்போட்ட காய்ச்சல் எல்லாம் திங்கக்கிழமை வந்து நிக்கும். செவ்வாய் கர்ப்பிணிங்க செக்கப். புதன் தடுப்பூசி, கொழந்தைங்க அழுக சத்தத்துல டாக்டர் ஸ்டெத்து வெச்சா என்ன கேக்கும்னு தெரியல. எங்க ஊரு சந்தை வியாழன், சந்தைக்கு வர்றவங்க அப்படியே மாத்திரையும் வாங்கிட்டுப் போவாங்க. வெள்ளி, சனி கொஞ்சம் காத்தாட இருக்கும். ஐப்பசி கார்த்திகை மழை ஆரம்பிச்சா இந்தக் கணக்கெல்லாம் போச்சு, எல்லா நாளும் காய்ச்சல் கூட்டந்தான். இதுல எதுவும் திடீர்னு வர்ற விஷயமே இல்லீங்க, அடுத்த செவ்வாக்கெழமை கர்ப்பிணிங்க வருவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் அதே ஆளுங்க, அதே எண்ணிக்கை.

எல்லாரும் டாக்டர் இருக்காங்களா இல்லையான்னுதான் பாக்கறோம், பேப்பர்லயும் டாக்டர் இல்லன்னாதான் நியூஸ். எங்க ஊருல நெஜமா எல்லாம் அடைச்சு நிக்கறது மாத்திரை ஜன்னல்ல. அங்க ஒரு பார்மசிஸ்ட், நடுத்தர வயசு, பொறுமைசாலி. அவரு வேலைய ஒரு நாள் நின்னு பாத்தேன். சீட்டை வாங்கறாரு, அட்டைல இருந்து கத்தரியால முப்பது மாத்திரை அளவு வெட்டறாரு, பேப்பர் கவர்ல போடறாரு, கவர் மேல சூரியன் படமும் நெலா படமும் பேனால வரையறாரு, ஏன்னா வாங்கற பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. "ஐயா, இது காலைல ஒண்ணு, இது நைட்டு ஒண்ணு, சாப்ட்டுத்தான் போடோணும், வெறும் வயித்துல போட்ராதீங்க, சரிங்களா?" அந்தப் பெரியவரு தலையாட்டிட்டு ரெண்டு அடி போயிட்டுத் திரும்பி வந்து "சாமி, வெள்ளைல பெருசு எதுக்கு?"ன்னு கேக்கறாரு. மறுபடியும் சொல்றாரு, மூஞ்சி சுளிக்காம. இதுக்கு நடுவுல ரெஜிஸ்டர்ல எழுதணும், ஸ்டாக் பாக்கணும், வேணுங்கற மருந்துக்கு இன்டென்ட் எழுதி அனுப்பணும், லாரில மருந்து வந்தா எண்ணி எறக்கணும்.

ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷம்னு வெச்சாலும் ஒரு மணி நேரத்துக்கு 30 பேருதான் முடிக்க முடியும். இதுல ஒரு விஷயம் நெறைய பேருக்குப் புரியறதில்ல. மணிக்கு 30 பேரு வந்தா 30 பேர முடிச்சுருவாரு, சரியாப் போச்சுன்னு நெனைப்போம். சரியாப் போகாது. கூட்டம் அளந்து வெச்ச மாதிரி ரெண்டு நிமிஷத்துக்கு ஒருத்தரா வராது, பஸ்ஸு வர்றப்ப மொத்தமா வரும். டென்மார்க்ல எர்லாங்னு ஒருத்தரு 1909லயே டெலிபோன் எக்சேஞ்சுக்காக இந்தக் கணக்க எழுத ஆரம்பிச்சாரு, இன்னைக்கி கால் சென்டர்ல ஆள் போடறதும் அதே வழிலதான். ஒரே ஜன்னல், ரெண்டு நிமிஷ வேலை, பாடத்துல இருக்கற எளிய ஃபார்முலாவப் போட்டுப் பாத்தீங்கன்னா, அந்த ஆளு நேரத்துல 80 சதவீதம் பிஸின்னா சராசரியா 8 நிமிஷம் காத்திருக்கணும், 95 சதவீதம் பிஸின்னா 38 நிமிஷம். வேலை கூடினது கொஞ்சூண்டு, காத்திருக்கறது அஞ்சு மடங்கு பக்கம். அதனாலதான் சொல்றேன், கூட்டம் உச்சத்துல இருக்கற அந்த ரெண்டு மணி நேரம் மட்டும் ஜன்னல்ல இன்னொரு ஆளு நின்னா போதும், வரிசை கரைஞ்சுரும். முழு நாளைக்கு ரெண்டாவது ஆளு கூட நான் கேக்கல.

அவரு லீவு போட்டா என்னாகும்? இந்தக் கேள்வியத்தான் யாரும் கேக்கறதில்ல. வாரத்துக்கு 6 நாள்னா வருஷத்துக்கு 312 வேலை நாள். அதுல சம்பளத்தோட கூடிய லீவு, கேஷுவல் லீவு, அரசு விடுமுறை, ட்ரெய்னிங், வட்டார மீட்டிங் எல்லாம் கழிச்சா சுமாரா 240 நாள் மிஞ்சும்னு வெச்சுக்கங்க. அப்ப ஒரு போஸ்ட்டுங்கறது முழு ஆளு கெடையாது, முக்கால் ஆளு. நாலு நாள்ல ஒரு நாள் அந்த நாற்காலி காலி. ரெண்டு மூணு பேரு இருக்கற வேலைன்னா மத்தவங்க சமாளிப்பாங்க, ஒத்த ஆளு போஸ்ட்டுல சமாளிக்க யாரு இருக்கா? அன்னைக்கி நர்ஸக்காதான் மாத்திரையும் குடுப்பாங்க. லேப் டெக்னீஷியன் இல்லன்னா சுகர் டெஸ்ட் அடுத்த வாரம் வாங்கன்னுருவாங்க. அம்மா சாப்புடாம வெறும் வயித்தோட வந்து நின்னுட்டுத் திரும்பிப் போனது உண்டு, அன்னைக்கி மயக்கம் வராம இருந்தது புண்ணியம்.

நர்ஸுங்க கணக்கு இன்னும் மோசம். 24 மணி நேர பிஎச்சின்னு கொண்டுவந்தப்ப 3 ஸ்டாஃப் நர்ஸ்ங்கறதத்தான் அடிப்படையா வெச்சாங்க, 3 ஷிப்டுக்கு 3 பேரு, கேக்கறதுக்கு அழகா இருக்கு. ஆனா வாரத்துக்கு 7 நாள், நாளுக்கு 3 ஷிப்டு, மொத்தம் 21. ஒருத்தர் வாரத்துல 6 ஷிப்டு பாத்தா 3 பேருக்கு 18தான். லீவே போடலன்னாலும் 3 ஷிப்டு ஒதைக்குது. மேல சொன்ன 240 நாள் கணக்குல பாத்தா வருஷத்துக்கு 1,095 ஷிப்டு, அத 240 ஆல வகுத்தா நாலரை பேருக்கு மேல வருது, அதாவது 5 பேரு இருந்தாத்தான் எந்நேரமும் ஒரே ஒரு நர்ஸாவது கட்டடத்துக்குள்ள இருப்பாங்க. எங்க மில்லுல இப்படி ஒரு சார்ட்டு போட்டுக் குடுத்தா மேனேஜர் திருப்பி மூஞ்சிலயே வீசிருவாரு. ஒத்த நர்ஸு இருக்கறப்ப பிரசவ வலி வந்துருச்சுன்னா அவ்ளோதான். போன தடவ பிபி பாத்துட்டு இருந்த அக்கா, அம்மா கைல சுத்தின பட்டையக் கூட கழட்டாம "வலி வந்துருச்சுங்க, ஆத்தா செத்த இருங்க"ன்னுட்டு ஓடுனாங்க. போகத்தான் வேணும், பிரசவம் காத்திருக்குமா? வெளில நின்ன கூட்டத்துல யாரோ ஒருத்தரு அவங்கள வையறாரு. அந்தக்கா என்ன பண்ணுவாங்க, ஒரு ஒடம்பு ரெண்டு எடத்துல இருக்குமா? எனக்கு மனசு கேக்கல, அந்த ஆளுகிட்ட சண்டைக்கே போயிட்டேன்.

டாக்டர் பக்கம் வரேன். ரெண்டு போஸ்ட்டு. ரெண்டு பேரும் இருக்கற நாள் நல்லாத்தான் போகும். ஒருத்தருக்கு கேம்ப்பு, கோர்ட்டு, மாவட்ட ரிவ்யூ மீட்டிங்குன்னு ஏதாவது இருக்கும். ஒரு கணக்குக்கு 150 பேரு வர்ற நாள்னு வெச்சுக்கங்க, 9லருந்து 1 வரைக்கும் 240 நிமிஷம், ஒரே டாக்டர்னா தலைக்கு ஒன்றரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. அந்த நேரத்துல கால் வெரலப் பாக்க முடியுமா, சாப்பாடு பத்தி பேச முடியுமா? போன மாச மாத்திரையே மறுபடியும் எழுதிக் குடுப்பாங்க, வேற வழியில்ல. ஒரு நோயாளிய டாக்டர் எவ்ளோ நேரம் பாக்கறாங்கன்னு 2017ல பல நாட்டுக் கணக்க எடுத்து ஒரு மருத்துவ இதழ்ல போட்டாங்க, பங்களாதேஷ்ல சராசரியா 48 செகண்டு, ஸ்வீடன்ல இருபத்திரெண்டரை நிமிஷம், உலகத்துல பாதி ஜனம் இருக்கற நாடுங்கள்ல 5 நிமிஷத்துக்குள்ளதான். நான் ஸ்வீடன் கேக்கல. 5 நிமிஷம் கெடைச்சா எங்கம்மா "ராத்திரில காலு எரியுது டாக்டரம்மா"ன்னு சொல்லுவாங்க, இல்லன்னா சொல்லாமயே எந்திரிச்சு வந்துருவாங்க, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்கன்னு.

இந்த ஆள் எண்ணிக்கைய எப்படி முடிவு பண்றாங்கன்னா, ஜனத்தொகைய வெச்சு. சமவெளில 30,000 பேருக்கு ஒரு பிஎச்சி, மலைப்பகுதின்னா 20,000. 1946ல ஜோசப் போர் (Bhore)ங்கறவரு தலைமைல இருந்த சுகாதாரக் கமிட்டி குறுகிய காலத் திட்டமா சொன்னது 40,000 பேருக்கு ஒரு நிலையம், ரெண்டு டாக்டர். அப்ப வந்த வியாதி வேற, மலேரியா, காலரா, பிரசவத்துல சாவு. இப்ப வர்றது சுகரு, பிபி, வாழ்நாள் பூராவும் மாசா மாசம் வர வேண்டிய நோயாளிங்க. அதே 30,000 பேருதான், ஆனா வயசானவங்க கூடுனா வருகை எத்தன மடங்கு ஆகும்! இளவட்டம் எல்லாம் வேலைக்கு வெளியூரு போயிட்ட கிராமத்துக்கும், மில்லு வந்து வடநாட்டுப் பசங்க குடும்பத்தோட தங்கியிருக்கற எடத்துக்கும் ஒரே அளவுகோல் எப்படிங்க பொருந்தும்? உலக சுகாதார நிறுவனமே இதுக்கு ஒரு முறை வெச்சிருக்கு, பணிச்சுமைய வெச்சு ஆள் கணக்குப் போடறது. என்னென்ன வேலை, ஒவ்வொண்ணுக்கும் எவ்ளோ நேரம், வருஷத்துல எத்தன தடவ வருது, ஒரு ஆளுக்கு நெஜமா கெடைக்குற நேரம் எவ்ளோ, வகுத்தா எத்தன ஆள் வேணும்னு வந்துரும், இருக்கற ஆள வேண்டிய ஆளால வகுத்தா ஒண்ணுக்குக் கீழ போனா பற்றாக்குறை. நாங்க மில்லுல தினம் பண்றது இதே கணக்குத்தான். அதுக்கு வேண்டிய விவரமெல்லாம் அந்த ஓபி ரெஜிஸ்டர்லயே இருக்கு, கம்ப்யூட்டர்ல ஏத்தறதால எத்தன மணிக்கு எத்தன சீட்டுங்கறது வரைக்கும் எடுக்கலாம், மேல ரிப்போர்ட்டா போறது மட்டும் மாச மொத்தம்.

வேற எடத்துல பண்ணிருக்காங்க, அதனாலதான் அடிச்சுச் சொல்றேன். பாலக்காடு பக்கம் சித்தி வீடு, அங்க குடும்ப சுகாதார மையம்னு மாத்திட்டாங்க, 2017ல வந்த கேரளாவோட ஆர்த்ரம் திட்டத்துல. 3 டாக்டர், 4 நர்ஸுன்னு அளவு வெச்சு, சாயங்காலம் 6 மணி வரைக்கும் ஓபி. டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி நர்ஸு ஒருத்தர் பிபி, எடை, என்ன தொந்தரவுங்கறதெல்லாம் எழுதி அனுப்பறாங்க, அதனால உள்ள போனதும் நேரா விஷயத்துக்கு வந்துரலாம். சித்திக்கு ஏழெட்டு நிமிஷம் பேச முடிஞ்சுது, அதப் பாத்துட்டுதான் எங்கம்மா "நம்மூர்லயும் இப்படி இருந்தா என்ன"ன்னு கேட்டாங்க.

நம்ம பக்கத்துலயும் நகர்ப்புறத்துல நல்ல காரியம் நடந்திருக்கு, சொல்லாம விடக்கூடாது. நகர்ப்புற நலவாழ்வு மையம்னு மொத்தம் 708 அறிவிச்சு, 2023 ஜூன்ல ஒரே நாள்ல 500 தெறந்தாங்க, காலைல 8லருந்து 12, சாயங்காலம் 4லருந்து 8. கூலி வேலைக்குப் போறவங்களுக்கு இந்தச் சாயங்கால நேரம் பெரிய வரம். ஆனா அங்கயும் ஒரு டாக்டர், ஒரு நர்ஸு, ஒரு சுகாதார ஆய்வாளர், ஒரு உதவியாளர்னு எல்லாமே ஒத்த ஆளு, நர்ஸு லீவுன்னா என்னங்கற அதே கேள்வி அங்கயும் இருக்கு. எங்க ஊருல பகல் ஷிப்டு முடிஞ்சு வர்றவங்களுக்கு பிஎச்சி ஓபி கெடையாது, மில்லுல என்கூட இருக்கறவரு பிபி மாத்திரைக்காக ஒரு நாள் கூலிய விடணும், அதனால அவரு வர்றதே இல்ல, மெடிக்கல் ஷாப்புல தானா வாங்கிக்கறாரு.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல வந்தது நெஜமாவே கூட்டத்தக் கொறச்சுது, நடக்க முடியாதவங்களுக்கு மாத்திரை வீட்டுக்கே போகுது, அந்த தன்னார்வலர் பொண்ணு வெயில்ல ஸ்கூட்டில சுத்தறதப் பாத்தா கும்புடத் தோணும். அதே சமயம் வீடு வீடா பிபி, சுகர் பாக்கறதால புதுசா நோயாளிங்க தெரிய வர்றாங்க, அவங்கள உறுதி பண்ணிக்க பிஎச்சிக்குத்தான் அனுப்பறாங்க. கண்டுபுடிக்கத்தான் வேணும், ஆனா கண்டுபுடிக்கறதுக்கு ஆள் போட்டா பாக்கறதுக்கும் ஆள் போடணும்.

ஆள் போடாமயே செய்யக்கூடியதும் ஒண்ணு இருக்கு. சுகரும் பிபியும் கட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கு ரெண்டு மாச மாத்திரை மொத்தமா குடுத்துட்டா அவங்க வருகை பாதியாக் கொறையும், அந்த ஜன்னல்ல நிக்கறதுல பெரும்பங்கு அவங்கதான். கட்டுக்குள்ள இல்லாதவங்கள மாசா மாசம் கூப்புடுங்க, அவங்களோட அதிக நேரம் பேசுங்க. டாக்டரம்மாகிட்ட இத சொன்னேன், "எனக்கும் ஆசைதான் தம்பி, ஸ்டாக்கு மாசக் கணக்குல வருது, நான் மட்டும் முடிவு பண்ண முடியாதே"ன்னாங்க.

ஸ்டார் கேட்டா பிரிச்சுத்தான் போடுவேன். டாக்டர் 5, நர்ஸக்காங்க 5, பார்மசிஸ்ட்டுக்கு 5க்கு மேல இருந்தா அதயும் போடுவேன், மருந்து 5ல 4, ஆள் போட்டிருக்கற விதம் 2. புதுசா போறவங்க மழைக்காலம் இல்லன்னா வெள்ளி, சனி போங்க, பஸ் வர்றதுக்கு முன்னாடி போங்க, சுகர் டெஸ்ட்டுன்னா லேப்ல ஆளு இருக்காங்களான்னு முந்தின நாளே கேட்டுக்குங்க, பழைய நோட்ட மறக்காதீங்க. அக்டோபர் 2 கிராம சபைல குடுக்க நாங்க ஒரு மனு எழுதியிருக்கோம், மூணே கேள்வி: மணிவாரியா ஓபி எண்ணிக்கைய போர்டுல ஒட்ட முடியுமா, திங்கள், செவ்வாய் காலைல 9லருந்து 11 வரைக்கும் பக்கத்து பிஎச்சில இருந்து ஒரு பார்மசிஸ்ட்ட மாத்தி விட முடியுமா, லேப்ல ஆளு லீவுன்னா முந்தின நாளே கேட்டுல எழுதி வைக்க முடியுமா. எங்க பஞ்சாயத்து ஆளுங்க யாராவது இதப் படிச்சா அன்னைக்கி வந்து கையெழுத்துப் போடுங்க, கூட நாலு பேரக் கூட்டிட்டு வாங்க.